டிஃபரன்ஷியல் ஆயில் சீல்: கேட்டதும் சொன்னதும்

பழைய வண்டி வைத்திருக்கும் நம் மலைக்காரர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல், அது உட்கார்ந்திருக்கும் ஆக்சில், அவற்றில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீல் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் பதில். கார்புரேட்டர், பெயின்ட் என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி: அண்ணா, அம்பாசடருக்குப் போன வருஷம்தான் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் முன்பக்கம் நுழையும் சின்னப் பல்சக்கரத் தண்டு) சீல் மாற்றினேன். மறுபடியும் ஒழுகுகிறது. மேட்டுப்பாளையம் போய்த் திரும்பினால் அதிகம். சீல் மட்டமான சரக்கா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் பார்ப்பது பிரீதரை. ஆக்சில் ஹவுசிங்கின் மேல் சின்ன மூக்கு போல இருக்கும். உள்ளே சூடாகிற காற்று அது வழியாகத்தான் வெளியேற வேண்டும். நம் ஊர்ச் சேறும் பழைய கிரீஸும் சேர்ந்து அதைக் கெட்டியாக அடைத்துவிடும். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. கீழே நிறுத்திவிட்டு மேலே ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதோடு ஏற்றத்தில் ஆயிலும் கொதிக்கிறது. பிரீதர் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் முழுக்க சீல் உதட்டில்தான் வந்து முட்டும். சாதாரண ஆயில் சீல் அழுத்தம் தாங்குவதற்காகச் செய்ததில்லை. புது சீல் போட்டாலும் கதை இதேதான்.

அடுத்தது, கியர்பாக்ஸிலிருந்து வரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டைப் பினியனோடு சேர்க்கும் தட்டுதான் ஃபிளாஞ்ச். அதைக் கழற்றினால் சீல் உதடு ஓடும் இடத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலான ஒரு வளையம் தெரியும். நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் பள்ளம் விழுந்துவிட்டது, எந்தக் கம்பெனி சீலும் அங்கே நிற்காது. மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றலாம், இல்லை ஃபிளாஞ்சை மாற்றலாம். மூன்றாவது, பினியனைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் வேலை. சீலைக் குறை சொல்லிப் பயனில்லை.

கோத்தகிரி: பினியன் சீலை நானே மாற்றலாமா? நட்டை எவ்வளவு இறுக்குவது?

மாற்றலாம். ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். ஆயிலை இறக்கும் முன் மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து வராமல் போனால், ஆயிலே இல்லாத ஆக்சிலோடு வண்டி அங்கேயே நிற்கும்.

புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் குறி போடுங்கள். பினியன் நட்டு, பினியன் ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் மூன்றிலும் சென்டர் பஞ்சால் ஒரே நேரில் புள்ளி வையுங்கள். நட்டுக்கு வெளியே தெரியும் மரையையும் எண்ணிக்கொள்ளுங்கள். சில ஆக்சிலில் பேரிங்குகளுக்கு நடுவே கெட்டி ஸ்பேசரும் (இடைவெளி காக்கும் குழாய்) ஷிம்மும் (மெல்லிய தகட்டு வளையம்) இருக்கும், அங்கே மேனுவலில் சொன்ன டார்க் (இறுக்கும் விசை அளவு) வைத்து இறுக்கலாம். வேறு சிலவற்றில் நட்டை இறுக்க இறுக்க நசுங்கும் ஸ்லீவ். அதை ஒரு முறை அளவுக்கு மேல் நசுக்கிவிட்டால் திரும்ப எழாது. பேரிங் இறுகிச் சூடாகும், புது ஸ்லீவ் போட வேண்டும். அதனால் பிரிக்கும் முன் பினியன் எவ்வளவு இறுக்கமாகச் சுழல்கிறது என்று அளந்து வைத்து, பூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். புது சீல் போட்டால் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும்.

சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்பிரிங் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் அடைத்தால் தட்டி இறக்கும்போது துள்ளி விழாது. நேராக இறங்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அடிக்காதீர்கள்.

கூடலூர்: இவ்வளவு வேலை எதற்கு சார்? 140 நம்பர் கெட்டி கியர் ஆயில் ஊற்றினால் ஒழுகல் நின்றுவிடும். எஸ்டேட் வண்டிக்கெல்லாம் நாங்கள் அதுதான்.

தலைக்குந்தா: சார், அவர் சொன்னதைக் கேட்டு 140 ஊற்றினேன். காலையில் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது.

இரண்டு பேரும் ஒரே மலையில் இருந்தாலும் வேறு வேறு ஊர். தலைக்குந்தாவில் டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி பிடிக்கும். அந்தக் குளிரில் 140 கூழாகி நிற்கும். பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் சுழன்று ஆயிலை வாரி முன்பக்கம் எறிந்தால்தான் பினியன் பேரிங்குக்குப் போகும். கூழை எப்படி எறியும்? கூடலூரில் வெயிலும் பாரமும் உண்டு, அங்கே ஓடலாம். ஆனால் சீல் உதடு கிழிந்திருந்தால் 140 ஒழுகலைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. அதைவிட இளகிய 90 ஹைபாய்டு ஆயில் போதும், ஆயில் மட்டம் ஊற்றும் பிளக் துளையின் விளிம்பு வரை. அதற்கு மேல் திணித்தாலும் ஒழுகும்.

கூடலூர், மறுபடியும்: எங்கள் மேஸ்திரி அந்தக் காலத்திலிருந்து 140தான் ஊற்றுகிறார்.

பிரீதரைக் கழுவுகிறாரா?

குன்னூர்: ஜிஎல்-5 (வீரியமான கியர் ஆயில் ரகம்) போட்டால் பித்தளையைத் தின்றுவிடுமாமே?

அந்தப் பயம் கியர்பாக்ஸில் கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சின்க்ரோ வளையத்துக்கு. பழைய கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். கிரவுனும் பினியனும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி உரசும் ஹைபாய்டு டிஃபரன்ஷியலுக்கு அந்த வீரியம் தேவை. ஒரே டின்னை இரண்டிலும் ஊற்றும் வழக்கத்தை விடுங்கள்.

அரவங்காடு: பின் சக்கரத்துக்கு உள்பக்கம் ஆயில் வழிகிறது. துடைத்துவிட்டு ஓட்டலாமா?

கூடாது. வண்டியை நிறுத்துங்கள். ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) சீல் போய் ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. பிரேக் ஷூவின் லைனிங் ஆயில் குடித்துவிட்டால் பெட்ரோலில் கழுவினாலும் தேறாது. ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடிக்கும் வண்டியை அங்கே இறக்க வேண்டாம். சீல் வாங்கும்போது உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள்.

ஊட்டி, வேறொருவர்: புது சீல் போட்டும் ஒழுகுகிறது, ஏன்?

முதல் பதில்.

வெலிங்டன்: புது சீல், மூன்றாவது முறை...

முதல் பதில், முதல் பத்தி.

மசினகுடி: பழைய ஜீப். பின் ஹப் வரவே மாட்டேன் என்கிறது, சம்மட்டியால் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். ஹப் கூம்பு ஷாஃப்டில், வழுக்காமல் பிடிக்கும் சாவி என்ற இரும்புத் துண்டோடு ஏறி உட்கார்ந்திருக்கும். இழுத்துக் கழற்றும் கருவியான சரியான புல்லர் தேவை. நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரை விட்டு வையுங்கள். விடும்போது படாரென்று விடும், நட்டு இல்லையென்றால் ஹப்பும் டிரம்மும் உங்கள் மேல் வரும். உள்ளே ஒரு சீல், வெளியே ஒரு சீல் என இரண்டு இருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். ஆக்சில் நுனியின் ஷிம்களை எந்தப் பக்கத்தில் எடுத்தீர்களோ அந்தப் பக்கத்திலேயே திரும்பப் போடுங்கள்.

குன்னூர்: ஸ்டீரிங் பாக்ஸிலும் ஒழுகுகிறதே?

அது என் பாடம் இல்லை. நல்ல ஸ்டீரிங் மேஸ்திரியிடம் காட்டுங்கள்.