ரோட்டரி: வியாபாரமும் சேவையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் பேசிய ஒருவர், வியாபாரிகள் தங்களுக்குள் வியாபாரம் கொடுத்து வாங்கத்தான் இந்த அமைப்பே தோன்றியது என்றார். பலர் முகம் சுளித்தார்கள். அது உண்மையா? உண்மையென்றால், சேவை எங்கிருந்து வந்தது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்மைதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் மூன்று பேருடன் கூடினார்: ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் தொழிலதிபர். சிகாகோவில் ஹாரிஸுக்கு வழக்குகள் இருந்தன, நண்பர்கள் இல்லை. தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது விதி. போட்டியாளன் உள்ளே வரமுடியாது. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார்கள் என்று குறித்துவைக்கவே ஒரு பொறுப்பாளர் இருந்தார். எழுதிவைத்த நோக்கங்கள் இரண்டு: உறுப்பினர்களின் தொழில் நலம், நட்பு.

1906இல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரைச் சேர அழைத்தார்கள். அவர் விதிகளைப் படித்துவிட்டு, வெளியே இருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டு மறுத்துவிட்டார். வேறு சங்கமாக இருந்தால் ‘போகட்டும்’ என்று விட்டிருப்பார்கள். இவர்களோ, குறையைச் சொன்னவரையே அதைச் சரிசெய்ய அழைத்தார்கள். நகரத்தின் நலன் மூன்றாவது நோக்கமாகச் சேர்ந்தது. நீங்கள் கேட்கும் சேவை வந்த வழி இதுதான்.

முதல் பெரிய பணி, 1907இல் எடுத்துக்கொண்ட பொதுக் கழிப்பறை. மதுக்கடைக்காரர்களும் பெரிய அங்காடிக்காரர்களும் எதிர்த்தார்கள். அவசரத்துக்கு ஒதுங்க வருபவன் அவர்களுக்கு வாடிக்கையாளன் அல்லவா! வியாபாரிகளின் சங்கம் வியாபாரிகளையே எதிர்த்து நின்ற இந்தக் கட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிறகு வளர்ச்சி வேகமானது. 1908இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம்; 1910இல் பதினாறு சங்கங்கள் கூடி ஒரே அமைப்பாயின. 1979இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய போலியோ தடுப்பு மருந்துப் பணி 1985இல் உலகத் திட்டமானது. இந்தியா போலியோ ஒழிந்த நாடு என 2014இல் சான்று பெற்றதில் அதற்குப் பங்கு உண்டு.

முகம் சுளிக்க வேண்டிய இடம் வேறு. கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் 1977இல் பெண்களைச் சேர்த்தது. மறு ஆண்டே தலைமையகம் அந்தச் சங்கத்தை நீக்கியது. பெண்களை ஒதுக்க ரோட்டரிக்கு உரிமையில்லை என்று 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. உலக அளவில் விதி மாறியது 1989இல்தான். கார்ட்டருக்குச் சில மாதங்களில் செவிசாய்த்தவர்களின் வாரிசுகளுக்கு இங்கே நீதிமன்றம் தேவைப்பட்டது.