தோழியைக் கணவர் அடிக்கிறார், ஆனால் வெளியே வர மறுக்கிறாள். நான் எப்படி உதவுவது?

உங்கள் தோழி அழுதுவிட்டு மறுபடி அந்த வீட்டுக்கே போவதைப் பார்த்து உங்களுக்குச் சலித்துப் போயிருக்கும். "எத்தனை தடவ சொல்றது" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

என் மதினியை அடித்தது என் சொந்த அண்ணன். மதுரை செல்லூரில் அம்மாவோடு இருந்தார்கள். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு உதடு வீங்கித் திருநகரில் என் வீட்டுக்கு வந்தார். "காலைல சரியாயிரும் மதினி" என்று சொல்லி, விடிந்ததும் நானே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். அதன்பின் எட்டு மாதம் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடி நிற்கவில்லை, சொல்வதுதான் நின்றது.

அடுத்து நான் பார்த்தது பெரியாஸ்பத்திரியில், மணிக்கட்டு உடைந்து. பக்கத்தில் அம்மா நின்றதால் "படியில விழுந்துட்டேன்" என்றார். அம்மாவைக் காபி வாங்க அனுப்பிவிட்டு, "நான் உங்க பக்கம்தான் மதினி, நடந்தத சொல்லுங்க" என்றேன். சொன்னார். டாக்டர் அதை அப்படியே ஏ.ஆர். என்கிற ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் எழுதினார். பின்னால் கோர்ட்டில் கை கொடுத்தது அந்தக் காகிதம்தான்.

அன்றைக்கும் மதினி செல்லூருக்கே திரும்பினார். இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. ஆதார், பாஸ்புக், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஏ.ஆர். நகல் எல்லாம் ஒரு பையில் என்னிடம் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால், கழுத்தை நெரித்தான், கொன்றுவிடுவேன் என்றான் என்று உங்கள் தோழி சொன்னால் இப்படிக் காத்திருக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள்.

சொந்த அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள் என்று எங்கள் சொந்தத்தில் சொல்கிறார்கள், இங்கேயும் யாராவது எழுதுவீர்கள். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆண்களும் அடி வாங்குகிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை, கேட்டது தோழியைப் பற்றி.

போலீசுக்குப் போகத் தயங்கினால் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. வீடு கணவன் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. படுக்கையில் கட்டாயப்படுத்துவதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான். மதினி இதைக் கேட்டுத்தான் முதல்முறையாக என் முன்னால் உடைந்து அழுதார். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகத் தருவார்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

இதையெல்லாம் விடக் கஷ்டம் மதுரையில் வாடகை வீடு. மதினிக்காக ஆறு வீடு ஏறி இறங்கினோம், எல்லா இடத்திலும் முதல் கேள்வி "வீட்டுக்காரர் எங்க?" ஒருவர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். புரோக்கர் ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டு போனையே எடுக்கவில்லை. இவர்களைக் கேட்க ஆளே கிடையாதா? சரி, கேள்விக்கு வருகிறேன்.

அந்தப் பை நான்கு மாதம் என் பீரோவில் இருந்தது. நான் ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, பிள்ளையைப் பள்ளியில் விட்ட கையோடு மதினி வந்தார். "அந்தப் பையக் குடு. கலெக்டர் ஆபீஸுக்குக் கூட வர்றியா?" என்றார்.