ஏஸ் ஜோடி வந்தும் ஃபோல்டு பண்ணலாமா?

கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஆன்லைன் போக்கரில் முதல் இரண்டு சீட்டே ஏஸ் ஜோடி, ஃப்ளாப் (மேஜையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) விழுமுன் அதை ஃபோல்டு பண்ணுவது, அதாவது ஆடாமல் கீழே வைப்பது, பைத்தியக்காரத்தனமா? சாதாரண மேஜையில் ஆமாம். சாட்டிலைட் போட்டியின் (பரிசாகப் பெரிய போட்டிக்கான டிக்கெட் தருவது) கடைசிக் கட்டத்தில் அதுதான் சரி.

11 பேர் மிச்சம், 10 டிக்கெட். உங்களிடம் 30 பிக் பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்; சிப்ஸை அதில் அளப்பார்கள்). ஒருவரிடம் 1 பிளைண்ட்தான், அடுத்த கையில் அதுவும் போய்விடும். இப்போது 40 பிளைண்ட் வைத்திருப்பவர் ஆல்-இன் போகிறார், அதாவது மொத்த சிப்ஸையும் வைக்கிறார். எதிரில் என்ன சீட்டு என்றே தெரியாதபோது ஏஸ் ஜோடி சராசரியாக சுமார் 85% ஜெயிக்கும். ராஜா ஜோடிக்கு எதிரே 82%. தோற்றால் வெளியே. ஜெயித்தாலோ அதே ஒரு டிக்கெட்தான், இரண்டாவது கிடையாது. சும்மா உட்கார்ந்தாலே டிக்கெட் கிட்டத்தட்ட உறுதி என்றால், 85% என்பது நஷ்டம். களத்துமேட்டில் நெல் குவிந்த பிறகு யாராவது வயலுக்குத் தண்ணீர் திறப்பார்களா?

ஆல்-இன் போனவர் அந்த 1 பிளைண்ட்காரர் என்றால் தயங்காமல் கால் பண்ணுங்கள் (அவர் வைத்ததற்குச் சமமாக வையுங்கள்); தோற்றாலும் போவது 1 பிளைண்ட்தான்.

கையில் ராஜா ஜோடி வைத்துக்கொண்டு ஏஸ் ஜோடிக்குப் பயப்படுவது வேறு கதை. 9 பேர் மேஜையில் மற்ற எட்டு பேரில் ஒருவரிடம் ஏஸ் ஜோடி இருக்க வாய்ப்பு 4%கூட இல்லை. சாதாரண மேஜையில் ராஜா ஜோடியை ஃப்ளாப்புக்கு முன் ஃபோல்டு பண்ணுவது பெரும்பாலும் வெறும் பயம்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 மத்தியச் சட்டம் தடை செய்கிறது; இலவச சிப்ஸில் பழகுங்கள்.