மாத்திரைக்கு அடங்காத வலிப்பு, மூளையில் மின்தூண்டல் கருவி வைத்தால் நின்றுவிடுமா?

பெரும்பாலானவர்களுக்கு அடியோடு நிற்காது. ஆனால் எண்ணிக்கை நன்றாகக் குறைய வாய்ப்புண்டு. தினமும் வலிப்பு வருகிறவருக்கு அதுவே பெரிய விஷயம்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் கட்டுப்படாததைத்தான் மருந்துக்கு அடங்காத வலிப்பு என்கிறார்கள். வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை.

இதற்கான கருவிகளில் என்னை மிகவும் வியக்க வைப்பது, வலிப்பின் அறிகுறி தெரிந்தால் மட்டும் தூண்டும் ஆர்.என்.எஸ். (RNS) கருவி. அமெரிக்காவில் 2013-இல் அனுமதி பெற்றது. மண்டையோட்டிலேயே பதித்துவிடுவார்கள். வலிப்பு கிளம்பும் ஓரிரு இடங்களின் மின்னலைகளை இரவும் பகலும் கவனித்துக்கொண்டே இருக்கும். அந்த நோயாளிக்கே உரிய தொடக்க அலை தென்பட்டதும் சிறு மின்துடிப்பை அனுப்பி, வலிப்பு பரவுமுன் கலைக்கப் பார்க்கும். துடிப்பு போவது நோயாளிக்குப் பொதுவாகத் தெரியாது.

மூளையின் ஆழத்தில் தூண்டும் டி.பி.எஸ். (DBS) அப்படியல்ல. மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதியின் முன்பக்கத்தை, வலிப்பு வந்தாலும் வராவிட்டாலும், குறித்த இடைவெளியில் தூண்டும். 110 பேரிடம் நடந்த சான்டே (SANTE) என்ற டி.பி.எஸ். ஆய்வில் வலிப்பு முதல் ஆண்டில் 41%, ஐந்தாம் ஆண்டில் 69% குறைந்தது (இடைநிலை அளவு: பாதிப் பேருக்கு இதைவிடக் கூடுதலாகவும், மீதிப் பேருக்குக் குறைவாகவும்). பலன் மெல்லத்தான் கூடும். ஆகவே சில மாதங்களிலேயே மனம் தளர வேண்டாம்.

கழுத்து வழியே செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டும் வி.என்.எஸ். (VNS) அமெரிக்காவில் 1997 முதலே உண்டு. மண்டையைத் திறக்க வேண்டியதில்லை, ஆனால் குரல் கம்மலாம்.

எதை வைத்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவிக்குச் சம்மதிக்கும் முன், வலிப்பு கிளம்பும் பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். முடிகிறவர்களுக்கு வலிப்பு முழுமையாக நிற்கும் வாய்ப்பு அதில்தான் அதிகம்.