குன்னூர் கேள்வி பதில்: இணையப் போர் வந்தால் கரண்ட் போகுமா?

(பதில் சொல்பவர், கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கவைக்கும் பாதுகாப்புக் கருவியான ரிலே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.)

கோத்தகிரி: சார், எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒரு ஊரின் மின்சாரத்தையே நிறுத்த முடியுமா?

பதில்: நடந்தே விட்டது. 2015 டிசம்பர் 23, மேற்கு உக்ரைன். மின்னஞ்சலில் வந்த வேர்ட் கோப்பை யாரோ திறந்ததில், ஹேக்கர்கள் மாதக்கணக்கில் முன்பே மின் நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்திருந்தார்கள். அன்று கண்ட்ரோல் ரூமில் இருந்தவரின் கண்ணெதிரே மவுஸ் தானாக நகர்ந்து, மின்பாதையின் பெரிய ஸ்விட்சுகளான பிரேக்கர்களைத் திறந்து கரண்டைத் துண்டித்தது. புகார் எண்ணிலும் பொய் அழைப்புகளாகக் கொட்டி அடைத்துவிட்டார்கள். சுமார் 2,25,000 இணைப்புகள் இருட்டில். ஆட்கள் வண்டியில் சப்ஸ்டேஷனுக்கு ஓடி, கையால் பிரேக்கரைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் கரண்ட் வந்தது.

கூடலூர்: என் வாட்ஸ்அப்பை ஹேக் செய்துவிட்டார்கள்.

பதில்: பணம் போயிருந்தால் உடனே 1930. இங்கே போர் பற்றி மட்டும்.

மஞ்சூர்: நெட்டோடு இணைக்காமல் விட்டால் போதுமே. எதற்கு இவ்வளவு பயம்?

பதில்: ஈரானின் நதான்ஸ் அணு நிலையமும் நெட்டோடு இணைக்கப்படாததுதான். 2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, அங்கே யுரேனியத்தைச் செறிவூட்டச் சுழலும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரங்களின் வேகத்தைத் தாறுமாறாக மாற்றியது; திரையில் மட்டும் எல்லாம் சரியாகவே தெரிந்தது. அது பரவிய வழிகளில் ஒன்று பென்டிரைவ். கண்ட பென்டிரைவைச் செருகாதீர்கள்.

மஞ்சூர்: பென்டிரைவுக்குத் தடை போடுங்கள், முடிந்தது கதை.

பதில்: எங்கே முடிந்தது? சர்வீஸுக்கு வருபவரின் லேப்டாப்பை என்ன செய்வீர்கள்? அப்டேட்டை? 2017 ஜூனில், கணினித் தகவலை அழிக்கும் நாட்பெட்யா என்ற நாச மென்பொருள் வந்ததே உக்ரைனின் வரிக்கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகத்தான். குறி உக்ரைன், அடி வாங்கியதில் டென்மார்க் கப்பல் நிறுவனம் மெர்ஸ்க்கும் சேர்த்தி. அதன் கணினி வலையின் முக்கியப் பதிவேடு உலகம் முழுக்க அழிந்து, கானா அலுவலகத்தில் மட்டும் மிஞ்சியது. காரணம், அந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை! நம் ஊர் மின்வெட்டைத் திட்டுபவர்கள் கவனிக்கவும்.

ஊட்டி: என் பேஸ்புக் பாஸ்வேர்டை...

பதில்: கூடலூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வெலிங்டன்: இனிவரும் போர் கணினியிலேயே முடிந்துவிடுமா?

பதில்: இல்லை. டாங்கியோடு சேர்ந்தே வரும். 2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை நுழைந்த நாளில்தான் வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைய மோடம்கள் இணையத் தாக்குதலில் செத்தன. ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது.

மஞ்சூர்: ஆக, லைன்மேனுக்கு வேலை போகாது என்கிறீர்கள்?

பதில்: போகக் கூடாது என்கிறேன். கையால் பிரேக்கர் போடத் தெரிந்தவர் ஓய்வு பெற்றால், அந்த இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டும். அவ்வப்போது திரையை அணைத்துவிட்டு ஓட்டிப் பழக வேண்டும். அப்புறம், பென்டிரைவ்...

மஞ்சூர்: செருக மாட்டோம் சார்!