பிள்ளைகளுக்காகக் கடல் கடந்து உழைத்த தாய் ஒருவரை நீங்கள் அருகிலிருந்து பார்த்ததுண்டா?

பார்த்திருக்கிறேன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஃபிளாட்புஷ் வட்டாரத்தில் நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் அவர். கரீபியன் நாடான ஹெய்ட்டியின் தென்மேற்கு முனையிலுள்ள ஜெரமி என்ற ஊரிலிருந்து வந்தவர். குடியிருந்த நாங்கள் எல்லோரும் ‘மதாம்’ என்றே அழைத்ததால் இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். சென்ற குளிர்காலத்தில் காலமானார். இரங்கல் திருப்பலியில் பேசியவர்கள் அனைவரும் அவருடைய தியாகத்தைப் போற்றினார்கள். அது பொய்யில்லை, ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் அவருடைய கெட்டிக்காரத்தனம் மறைந்துபோகிறது என்பது என் எண்ணம்.

ஹெய்ட்டியில் ஜான் குளோட் டுவாலியேயின் சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்த 1980-இல், மூன்று பிள்ளைகளைத் தம் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, சுற்றுலா விசாவில் அமெரிக்கா வந்தவர், விசா முடிந்தும் திரும்பவில்லை. லாங் ஐலண்டில் ஒரு வீட்டில் தங்கி முதியவர் ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. 1982-க்கு முன்பிருந்தே ஆவணமின்றித் தங்கியிருந்தவர்களுக்குக் குடியுரிமைக்கான வழியைத் திறந்துவிட்ட 1986-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவருக்குக் கை கொடுத்தது. அதன்பிறகும் நிரந்தர வசிப்புரிமை பெற்று, பிள்ளைகளுக்கு மனுப் போட்டு, ஒவ்வொருவராக வரவழைப்பதற்குள் தொண்ணூறுகள் பிறந்துவிட்டன.

இடைப்பட்ட காலத்தில் கடிதத்தைவிட ஒலிநாடாவையே அவர் நம்பினார். ஊருக்குப் போகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பாட்டி அதைப் போட்டுக் காட்டுவார். அதில் அன்பு மொழிகளைவிடக் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணுக்கான திட்டு அதிகம் என்று மூத்த மகள் சிரித்துக்கொண்டே சொன்னார். கைக்குழந்தையாக விடப்பட்ட கடைசி மகனுக்கோ, விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது குரல் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. பாட்டியையே அம்மா என்று அழைத்துப் பழகியவர், மதாமை அப்படி அழைக்க நெடுநாள் பிடித்ததாம். மதாம் அதற்காக அழுததாக யாரும் சொல்லவில்லை; பள்ளியில் சேர்த்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ‘சோல்’ நடத்திய விதத்தில். நம் ஊர்ச் சீட்டுத்தான் அது; ஏலமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. பன்னிரண்டு பேர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு நூறு டாலர் போட்டால், ஒவ்வொரு முறையும் ஒருவர் ஆயிரத்து இருநூறையும் மொத்தமாக எடுத்துக்கொள்வார். யாருக்கு எப்போது என்பதை நடத்துபவரே தீர்மானிப்பார். எவரேனும் பணம் கட்டாமல் போனால் அவர்தான் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். வங்கி திரும்பிப் பார்க்காத நாட்களில் பிள்ளைகளின் விமானச் சீட்டு, வழக்கறிஞர் கட்டணம், பிற்பாடு இந்த வீட்டுக்கான முன்பணம் எல்லாமே சோலிலிருந்து வந்தவைதாம். கணக்கு நோட்டில் பெயர்கள் இருக்காது. ‘நர்ஸ்’, ‘வேன் ஓட்டுநர்’, ‘மேல்மாடி’ என்று அடையாளம் மட்டும் எழுதி, பணம் வந்ததும் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். ‘மேல்மாடி’ நான்தான், வாடகையை ஒழுங்காகக் கொடுக்கிறேனா என்று ஓராண்டு பார்த்த பிறகே சேர்த்துக்கொண்டார்.

ஜனவரி முதல் நாள் ஹெய்ட்டியர்களுக்குப் புத்தாண்டு மட்டுமல்ல, 1804-இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற நாளும்கூட. அடிமைகளாக இருந்த காலத்தில் தங்களுக்கு மறுக்கப்பட்டது என்று அவர்கள் சொல்லும் பூசணிக்காய் சூப்பை அன்று எல்லா வீடுகளிலும் சமைப்பார்கள். மாட்டிறைச்சி சேர்க்காமல் எனக்கென ஒரு தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் புதிய சுற்றின் வரிசையை மதாம் அறிவிப்பார். அதை யாரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம் ஹெய்ட்டியைக் குலைத்தபோது, லியோகானில் வீட்டை இழந்த குடும்பத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் வரிசையில் கடைசியில் இருந்தாராம். மதாம் ஒருவரையும் கேட்காமல் அவரை முதலாவதாக்கிவிட்டுத் தம் முறையைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் பரவிவந்த 1983-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஹெய்ட்டியர் அனைவரையும் அந்நோய்க்கான ஆபத்துப் பிரிவில் சேர்த்தது. இரண்டாண்டுகளில் அந்தப் பட்டியலிலிருந்து அவர்கள் நீக்கப்பட்டாலும், 1990-இல் ஹெய்ட்டியர் இரத்த தானம் செய்யக்கூடாது என்று உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மீண்டும் தடுத்தது. அப்போது மதாம் வேலை பார்த்த வீட்டில், காபி போடும்போதுகூடக் கையுறை அணியச் சொன்னார்களாம். அந்தத் தடையை எதிர்த்து ஏப்ரல் 20 அன்று புரூக்ளின் பாலத்தைக் கடந்து சென்ற பல்லாயிரவரில் அவரும் ஒருவர். ஒரு நாள் கூலியை ஒருபோதும் விட்டுக்கொடுக்காத பெண்மணி அன்று விடுப்பெடுத்தது இதற்காகத்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது.

பிள்ளைகள் மூவரும் இங்கே நிலைபெற்ற பின்னும் ஜெரமிக்குப் பொருள் அனுப்புவது நிற்கவில்லை. கூடத்தில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் எப்போதும் நின்றிருக்கும். முக்காலியில் ஏறி நின்று அரிசிப் பையை முழங்கையால் அழுத்தி, காலணிகளுக்குள் சோப்புக்கட்டிகளைத் திணித்து, காலி இடம் என்று ஒரு விரற்கடைகூட இல்லாமல் நிரப்புவார். பீப்பாய்க்குத்தான் கட்டணம், எடைக்கு இல்லை என்பார்.

இறப்புக்குப் பின் வழக்கமான ஒன்பது நாள் செபம் முடிந்ததும் மூத்த மகள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மதாமின் முறை வர இன்னும் சில வாரங்கள் இருந்தன. அவர் கட்டிய அளவுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் போதும் என்று மகள் சொல்லியும் கேட்காமல், அந்த முறை வந்தபோது உறுப்பினர்கள் முழுத் தொகையையும் மகளின் கையில் வைத்தார்கள். அடுத்த சுற்றை நடத்த மகள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அம்மாவின் துணிச்சல் கிடையாது என்று சொல்லிவிட்டார். பாதிப் பேர் இப்போது ரோஜர்ஸ் அவென்யூவில் அழகு நிலையம் நடத்தும் இன்னொரு ஜெரமிப் பெண்மணியிடம் சேர்ந்திருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன், ஓராண்டு போகட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.