பித்தளை மூன்றே நாளில் கறுக்கிறதா?

வெறிச்சென்ற அடுப்படிக்குப் பழைய களை வரட்டும் என்று பாட்டி வீட்டுப் பித்தளைத் தூக்கையும் செம்பையும் அலமாரியில் அடுக்கினால் மூன்றே நாளில் கறுக்கிறது என்கிறீர்கள். பாலிஷ் எதுவும் வாங்க வேண்டாம். புளி போட்டுத் தேய்த்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள்.

பெரும்பாலும் காரணம் அந்தப் புளிதான். விளிம்பு மடிப்பிலும் தூக்கின் காதிலும் தங்கிவிடும். நீங்கள் இருப்பது கடலோரத் திருவான்மியூர் வேறு, மிச்சத்தைக் கடல்காற்று பார்த்துக்கொள்ளும்.

சந்தேகமிருந்தால் ஒரு செம்பைப் படுக்கையறையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். அடுப்படியில் இருப்பது மட்டும் பிசுபிசுவென்று மங்கினால் அது தாளிப்புப் புகை. அலமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள்.

கறுக்காமலிருக்க லாக்கர் என்னும் நிறமற்ற வார்னிஷ் அடிக்கலாம், அலங்காரப் பாத்திரத்துக்கு மட்டும். சமைப்பதென்றால் உள்ளே வெள்ளீயம் பூசியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ரசத்தில் களிம்பு இறங்கும்.

தேய்க்கவே அலுப்பா? பாதி பழுப்பு, பாதி வெள்ளையாக இருக்குமே, பீங்கான் ஊறுகாய் ஜாடி, அதை வையுங்கள். கறுக்காது. எங்கள் வீட்டில் ஒன்று விளிம்பு உடைந்துபோய், இப்போது கரண்டிகளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.